கிளைவிடும் தரவுகளை எப்படிச் சேமிப்பது? – வாசகர் கேள்வி பதில்

தரவுத்தள வடிவமைப்பு பற்றி வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே பொருளைச் சுற்றியே இருந்தது. கோப்புறைக்குள் கோப்புறை, பிரிவுக்குள் உட்பிரிவு, பாகத்துக்குள் பாகம் என்று மரம்போல் கிளைக்கும் தரவை, தட்டையான அட்டவணைக்குள் எப்படி வைப்பது என்பதே அது. ஆகவே இம்முறை பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஒரேபோல் இருந்த கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஆவணங்களைக் கோப்புறைகளில் அடுக்கி வைக்கும் ஒரு செயலியை எழுதிவருகிறேன். இருபதாயிரம் கோப்புறைகள் வரை வரலாம். ஆழம் ஏழெட்டு நிலைகளைத் தாண்டாது. எங்கள் குழுவில் ஒருவர் பேரன்ட் ஐடி போதும் என்கிறார், ஒருவர் நெஸ்டட் செட் வேண்டும் என்கிறார், மற்றொருவர் க்ளோஷர் டேபிள்தான் சரி என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: பேரன்ட் ஐடியில் தொடங்குங்கள். நீங்கள் சொன்ன அளவுக்கு அதுவே கடைசிவரை போதுமானதாகவும் இருக்கக்கூடும். ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரு பதிவு, அந்தப் பதிவில் அதன் தாய்க் கோப்புறையின் எண், வேர்க் கோப்புறைக்கு மட்டும் அந்தப் புலம் காலி, அவ்வளவுதான். அஜசென்சி லிஸ்ட் என்று பாடங்களில் சொல்வது இதைத்தான். ஒரு கோப்புறை எங்கே இருக்கிறது என்ற உண்மை ஒரே இடத்தில், ஒரே ஒரு முறை எழுதப்பட்டிருப்பதே இதன் பெரிய பலம். மூவாயிரம் உட்கோப்புறைகள் கொண்ட ஒரு கிளையை வேறோர் இடத்துக்கு மாற்றினாலும் நாம் தொடவேண்டியது ஒரு பதிவில் உள்ள ஓர் எண்ணை மட்டுமே. மற்ற முறைகள் (அவற்றை அடுத்த பதில்களில் விளக்குகிறேன்) அனைத்தும் அந்த உண்மையை வேறு வடிவில் பல பதிவுகளில் எழுதி வைத்து, அதனால் வாசிப்பு வேகத்தைப் பெறுகின்றன. எழுதி வைத்த அந்த நகல்களை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சரிசெய்துகொண்டே இருப்பதுதான் அதற்கு நாம் கொடுக்கும் விலை.

பேரன்ட் ஐடியைப் பற்றி ஒரு பழைய குறை உண்டு: ஒரு கிளையை முழுவதுமாக ஒரே வினவலில் எடுக்க முடியாது என்பது. அது ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. ஆரக்கிள் போன்ற சில தரவுத்தளங்களில் இதற்கென்று தனித் தொடரமைப்பு முன்பே இருந்தது. மற்றவர்களுக்குத் தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் வினவல், அதாவது ரிகர்சிவ் சி.டி.இ., தரவுத்தளங்களின் பொது வினவல் மொழியான எஸ்.க்யூ.எல்.லின் 1999ஆம் ஆண்டுத் தரநிலையில்தான் வந்தது. தரநிலையில் வந்தது நடைமுறைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. போஸ்ட்கிரெஸில் 2009இலும், எஸ்க்யூலைட்டில் 2014இலும், மைஎஸ்க்யூஎல்லில் 8.0 பதிப்புடன் 2018இலும்தான் அது கிடைத்தது. அந்த இடைவெளியில் எழுதப்பட்ட அறிவுரைகள் பல இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. உங்கள் குழுவில் நடக்கும் விவாதத்தின் ஒரு பகுதியும் அந்தக் காலத்தின் எச்சமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வினவல் உள்ளே எப்படி ஓடுகிறது என்பதை ஒருமுறை அருகில் நின்று பார்த்துவிட்டால் பயம் தெளிந்துவிடும். எண் 4 கொண்ட கோப்புறையின் கீழுள்ள எல்லாம் வேண்டும் என்று கேட்கிறோம். தரவுத்தளம் முதலில் 4ஐ எடுக்கிறது. அடுத்து, பேரன்ட் ஐடி 4 ஆக உள்ளவற்றைத் தேடுகிறது. 9, 12 என்ற இரண்டு கிடைக்கின்றன. பிறகு பேரன்ட் ஐடி 9 அல்லது 12 ஆக உள்ளவற்றைத் தேடுகிறது. புதிதாக எதுவும் கிடைக்காத சுற்றில் நின்றுவிடுகிறது. உங்கள் மரத்தின் ஆழம் எட்டு என்றால் ஏறத்தாழ எட்டுச் சுற்றுகள். அவ்வளவும் தரவுத்தளத்துக்குள்ளேயே, ஒரே பயணத்தில் முடிந்துவிடுகின்றன. இதே வேலையைச் செயலியின் நிரலில் ஒரு சுழற்சிக்குள் வைத்து, கோப்புறைக்கு ஒரு வினவல் வீதம் அனுப்பினால், ஆயிரம் கோப்புறைகளுக்கு ஆயிரம் பயணங்கள் ஆகும். 'பேரன்ட் ஐடி மெதுவானது' என்று என்னிடம் கொண்டுவரப்பட்ட நிரல்களில் பெரும்பாலானவற்றின் நோய் இந்தச் சுழற்சிதான். அட்டவணையின் வடிவத்தில் குறை இருக்கவில்லை.

இன்னொரு வழியையும் எண்ணிப் பாருங்கள். இருபதாயிரம் கோப்புறைகள், ஒவ்வொன்றுக்கும் எண், தாய் எண், பெயர் எல்லாம் சேர்த்து நூறு பைட் என்று வைத்தாலும் மொத்தம் 2 எம்.பி.தான். முழு அட்டவணையையும் ஒரே வினவலில் எடுத்து, எண்ணைச் சாவியாகக் கொண்ட ஓர் அகராதியில் போட்டு, ஒவ்வொன்றையும் அதன் தாயோடு இணைத்தால் மரம் நினைவகத்தில் தயாராகிவிடும். மரம் சிறியதாகவும் அரிதாக மாறுவதாகவும் இருக்கும்போது இதைவிட எளிய தீர்வு எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பேரன்ட் ஐடி புலத்துக்கு இன்டெக்ஸ், அதாவது தேடலை விரைவாக்கும் அகரவரிசை போன்ற பட்டியல், வேண்டும். அயல்சாவி (சுட்டப்படும் பதிவு உண்மையிலேயே இருக்க வேண்டும் என்ற விதி) வைத்துவிட்டால் இன்டெக்ஸும் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி என்ற சேமிப்பு இயந்திரத்தில் அப்படித்தான் நடக்கிறது. போஸ்ட்கிரெஸில் நாமே உருவாக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மேலே சொன்ன ஒவ்வொரு சுற்றிலும் முழு அட்டவணையும் வாசிக்கப்படும்.

வேறு முறைகள் தேவைப்படும் காலம் வராது என்று நான் சொல்லவில்லை. எத்தனை பதிவுகள், எவ்வளவு ஆழம், ஒரு கிளை எத்தனை முறை இடம் மாறுகிறது, பயனர் அடிக்கடி கேட்கும் கேள்வி கீழ்நோக்கியதா மேல்நோக்கியதா என்ற நான்கையும் அளந்து பார்த்த பிறகு, குறிப்பிட்ட ஒரு வினவல் உண்மையாகவே தாமதிக்கிறது என்று தெரிந்தால், அந்த வினவலுக்காக, வேரிலிருந்து வரும் முழுப் பாதையையோ, ஒவ்வொரு கோப்புறையையும் அதன் எல்லா மூதாதையரோடும் இணைத்து எழுதும் க்ளோஷர் அட்டவணையையோ சேர்த்துக்கொள்ளலாம். அப்போதும் பேரன்ட் ஐடியை நீக்காதீர்கள். அதுதான் ஆணிவேர், மற்றவை அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் மீண்டும் கணக்கிட்டு எடுத்துக்கொள்ளக்கூடியவையாகவே இருக்க வேண்டும்.

கேள்வி: பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு பயன்பாடு என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. அதில் பொருள்வகைகள் நெஸ்டட் செட் முறையில் உள்ளன. புதிய வகை ஒன்றைச் சேர்த்தால் பக்கம் பல விநாடிகள் நின்றுவிடுகிறது. இதைத் திருத்த முடியுமா, மாற்றியே ஆக வேண்டுமா?

பதில்: நெஸ்டட் செட் ஓர் அழகான சிந்தனை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை எழுதியவர் தவறு செய்யவில்லை. மைஎஸ்க்யூஎல்லில் ரிகர்சிவ் வினவல் இல்லாத நாளில் அவருக்கு இது நியாயமான தேர்வு.

மரத்தின் வெளிவிளிம்பை ஒட்டி இடப்பக்கத்திலிருந்து நடந்துசென்று, ஒவ்வொரு கணுவுக்குள் (மரத்தின் ஒவ்வோர் உறுப்புக்குள்) நுழையும்போது ஓர் எண்ணையும் வெளியேறும்போது ஓர் எண்ணையும் எழுதிக்கொண்டே போவதாக வைத்துக்கொள்ளுங்கள். வேரின் கீழ் அ, ஆ என்று இரண்டு வகைகள். அ-வின் கீழ் இரண்டு உள்வகைகள், ஆ-வின் கீழ் ஒன்று. மொத்தம் ஆறு கணுக்கள், பன்னிரண்டு எண்கள். வேருக்கு 1, 12. அ-வுக்கு 2, 7. அதன் உள்வகைகளுக்கு 3, 4 மற்றும் 5, 6. ஆ-வுக்கு 8, 11. அதன் உள்வகைக்கு 9, 10. இப்போது அ-வின் கீழுள்ளவை எல்லாம் வேண்டுமென்றால் இட எண் (நுழையும்போது எழுதிய எண்) 2க்கும் 7க்கும் இடையில் இருப்பவற்றை எடுத்தால் போதும். எத்தனை என்று எண்ணக்கூட வேண்டாம்: ஏழிலிருந்து இரண்டையும் ஒன்றையும் கழித்து இரண்டால் வகுத்தால் விடை இரண்டு.

சிக்கல் சேர்க்கும்போது வருகிறது. அ-வின் கீழ் மூன்றாவதாக ஓர் உள்வகையைச் சேருங்கள். அதற்கு 7, 8 கொடுக்க வேண்டும். உடனே அ-வின் வெளி எண் 9 ஆகிறது, ஆ என்பது 10, 13 ஆகிறது, அதன் உள்வகை 11, 12 ஆகிறது, வேரின் வெளி எண் 14 ஆகிறது. ஒரே ஒரு வகையைச் சேர்த்ததற்கு ஏற்கெனவே இருந்த ஆறில் நான்கு பதிவுகள் திருத்தப்பட்டன. ஐம்பதாயிரம் வகைகள் இருந்தால் ஒரு சேர்க்கைக்குச் சராசரியாக அதில் பாதியளவு பதிவுகள் திருத்தப்படலாம். அந்த நேரம் முழுவதும் அவை வேறு யாரும் திருத்த முடியாதபடி பூட்டப்பட்டும் இருக்கும். உங்கள் பக்கம் நிற்பதற்கு இதுவே காரணம். இதைவிடக் கவலை தருவது வேறொன்று: இரண்டு சேர்க்கைகள் போதிய பூட்டு இல்லாமல் ஒரே நேரத்தில் ஓடி எண்கள் குழம்பிவிட்டால், எந்தக் கணு எதன் கீழ் இருந்தது என்பதை மீட்டெடுக்க வேறு சான்று எதுவும் இருக்காது.

ஆகவே மாற்றிவிடுவதே நல்லது; அவசரப்படாமல் மாற்றலாம். பேரன்ட் ஐடி என்ற புலத்தைச் சேர்த்து, ஒவ்வொரு கணுவுக்கும் அதைச் சூழ்ந்திருப்பவற்றுள் மிக நெருக்கமானதைத் தாயாக எழுதுங்கள். சூழ்ந்திருப்பவற்றில் இட எண் மிகப் பெரியது எதுவோ அதுவே தாய். சில காலம் இரண்டும் உடன் ஓடட்டும். வாசிக்கும் வினவல்களை ஒவ்வொன்றாகப் புதிய முறைக்கு மாற்றி, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகு பழைய எண்களை நீக்குங்கள். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் மாறி, நாள் முழுவதும் வாசிக்கப்படும் வகைப்பாடாக இருந்தால் நெஸ்டட் செட்டை நானே விட்டுவைத்திருப்பேன். உங்களுடையது அப்படிப்பட்டதல்ல.

கேள்வி: நாங்கள் ஒவ்வொரு பதிவிலும் '/1/4' என்பதுபோல் முழுப் பாதையை எழுதி வைக்கிறோம். 4இன் கீழுள்ளவற்றைத் தேடினால் சில சமயம் தொடர்பே இல்லாதவையும் வருகின்றன.

பதில்: உங்கள் பாதையின் முடிவில் சாய்கோடு இல்லை. '/1/4' என்று தொடங்குபவற்றை லைக் என்ற எழுத்து ஒப்பீட்டைக் கொண்டு தேடும்போது '/1/40', '/1/417' ஆகியவையும் அப்படியே தொடங்குகின்றன. எல்லாப் பாதைகளையும் '/1/4/' என்று சாய்கோட்டில் முடித்து, தேடும்போதும் '/1/4/%' என்று தேடுங்கள். ஒரே ஓர் எழுத்துதான் குறை.

பாதை முறை எனக்குப் பிடித்தமானது. நூலகங்களில் 1876 முதல் வழங்கிவரும் டூயி பகுப்பு முறையும் இதே தத்துவம்தான்: 500 அறிவியல், 510 கணிதம், 512 இயற்கணிதம் என்று எண்ணைப் பார்த்ததும் அதன் மூதாதையர் தெரிந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த எண்களைப் போலவே, உங்கள் பாதையிலும் ஒரு கணு இடம் மாறினால் அதன் வழித்தோன்றல்கள் அனைத்தின் பாதையும் மாற வேண்டும். அந்த மாற்றத்தை ஒரே பரிவர்த்தனைக்குள், அதாவது முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஒரே தொகுப்பாக, செய்யுங்கள். பாதையில் பெயர்களை எழுதாமல் எண்களையே எழுதியிருப்பது நல்ல முடிவு, ஏனெனில் பெயரை மாற்றும்போது பாதை மாற வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே சாதாரண இன்டெக்ஸ், மொழிவாரி வரிசை ஒழுங்கு உள்ள தரவுத்தளத்தில், லைக் தேடலுக்கு உதவாது. முன்னொட்டுத் தேடலுக்கென்றே உள்ள ஆபரேட்டர் வகுப்பைக் குறிப்பிட்டு இன்டெக்ஸை உருவாக்க வேண்டும். அல்லது பாதைகளுக்கென்றே அதில் இருக்கும் எல்ட்ரீ என்ற நீட்சியைப் பயன்படுத்தலாம். எஸ்க்யூஎல் சர்வரில் இருப்பவர்களுக்கு 2008 பதிப்பிலிருந்து ஹையரார்கிஐடி என்ற தனி வகையே உண்டு.

கேள்வி: எங்கள் பயன்பாட்டில் ஒரு துறையும் அதன் கீழிருந்த அனைத்தும் திடீரென்று திரையிலிருந்து மறைந்துவிட்டன. அட்டவணையில் பதிவுகள் அப்படியே இருக்கின்றன. அதே சமயம் ஓர் ஊழியரின் பக்கத்தைத் திறந்தால் அது முடிவின்றிச் சுற்றுகிறது. என்ன நடந்திருக்கும்?

பதில்: வளையம் விழுந்திருக்கிறது. இதை விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பேரன்ட் ஐடி முறையின் உண்மையான ஆபத்து வேகத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

ஒரு துறையை அதன் சொந்த வழித்தோன்றல் ஒன்றின் கீழேயே நகர்த்திவிட்டால், அந்தக் கிளை வேரிலிருந்து துண்டிக்கப்பட்டுத் தனக்குள்ளேயே வட்டமடிக்கத் தொடங்குகிறது. வேரிலிருந்து கீழே இறங்கும் வினவல் அதை எட்டுவதே இல்லை. ஆகவே பிழைச்செய்தி எதுவும் வராது, கிளை மட்டும் காணாமல் போகும். வளையத்துக்குள் இருக்கும் ஒன்றிலிருந்து மேலே ஏறும் வினவலோ, வேரை என்றுமே அடையாமல் சுற்றும். நீங்கள் கண்ட இரண்டு அறிகுறிகளும் ஒரே நோயின் இரு முகங்கள்.

அயல்சாவி இதைத் தடுக்காது. தாய் என்று சுட்டப்படும் பதிவு இருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும். வளையத்தில் எல்லாத் தாய்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஒரு பதிவு தனக்கே தாயாகக் கூடாது என்ற நிபந்தனை ஒரு கணு வளையத்தை மட்டும் தடுக்கும். எனவே நகர்த்துவதற்கு முன் நாமே சோதிக்க வேண்டும். புதிய தாயிலிருந்து மேல்நோக்கி வேர்வரை ஏறிச்செல்லுங்கள். வழியில் நகர்த்தப்படும் கணு எதிர்ப்பட்டால் மறுத்துவிடுங்கள். கீழே இறங்கித் தேடுவதைவிட இது மலிவானது, ஏனெனில் மேலே போகும் வழி ஒன்றே ஒன்றுதான்.

இந்தச் சோதனை எங்களிடம் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். நான் முன்பு பணிபுரிந்த ஒரு குழுவிலும் அது இருந்தது. இருந்தும் வளையம் விழுந்தது. இருவர் ஒரே கணத்தில் வேலை செய்தார்கள். ஒருவர் க என்ற துறையை ச-வின் கீழ் நகர்த்தினார். மற்றவர் ச-வை க-வின் கீழ் நகர்த்தினார். முதல் பரிவர்த்தனை சோதித்தபோது ச-வின் மூதாதையரில் க இல்லை. இரண்டாவது சோதித்தபோது க-வின் மூதாதையரில் ச இல்லை. இரண்டு சோதனைகளும் சரி. இரண்டும் வெவ்வேறு பதிவுகளைத் திருத்தியதால் ஒன்றையொன்று தடுக்கவும் இல்லை. இரண்டும் முடிந்தபோது க-வின் தாய் ச, ச-வின் தாய் க. காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாட்கள் ஆயின. தனித்தனியே பார்த்தால் எந்த நிரலிலும் பிழை தென்படாததால்தான் அவ்வளவு நேரம் பிடித்தது.

தீர்வு, நகர்த்தும் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவைப்பது. ஒவ்வொரு மரத்துக்கும் அதன் வேர்ப் பதிவை முதலில் பூட்டி, பிறகு சோதித்து, பிறகு திருத்துங்கள். நகர்த்தல் என்பது வாசிப்போடு ஒப்பிட்டால் மிக அரிதான செயல் என்பதால் இந்தப் பூட்டால் யாரும் காத்திருக்க நேராது. சீரியலைசபிள், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஓடியதுபோன்ற விளைவை மட்டுமே அனுமதிக்கும் தனிமைநிலையில் ஓட்டினாலும் போஸ்ட்கிரெஸ் இரண்டில் ஒன்றை ரத்துசெய்துவிடும். ரத்தானதை மீண்டும் முயலும் நிரலை நீங்கள் எழுதியிருக்க வேண்டும்.

இப்போது விழுந்துள்ள வளையத்தைக் கண்டுபிடிக்க, வேர்களிலிருந்து இறங்கி எட்டக்கூடிய எண்களையெல்லாம் எடுத்து, முழு அட்டவணையிலிருந்து அவற்றைக் கழித்துவிடுங்கள்; மிஞ்சுபவை வளையத்திலோ அதன் கீழோ இருப்பவை. மேலேறும் வினவலிலும் ஒரு காப்பு வையுங்கள். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் போன்றவற்றின் ரிகர்சிவ் வினவலில், சுற்றுகளின் விடைகளைச் சேர்க்கும் யூனியன் ஆல் என்பதற்குப் பதில் யூனியன் என்று எழுதினால் திரும்ப வரும் பதிவுகள் கழிக்கப்பட்டு வினவல் நின்றுவிடும். ஆனால் நிலையின் ஆழத்தை எண்ணும் ஒரு புலத்தையும் அதில் சேர்த்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பதிவு வேறுபட்டுத் தெரியும். காப்பு பயனற்றுப் போகும். பலரும் சறுக்கும் இடம் இது. போஸ்ட்கிரெஸில் 14ஆம் பதிப்பிலிருந்து வளையத்தைக் கண்டறியும் தனி உட்பிரிவே இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் இயல்பாக 1000 சுற்றுகளிலும், எஸ்க்யூஎல் சர்வர் 100 சுற்றுகளிலும் பிழை காட்டி நிறுத்திவிடும்.

கேள்வி: மரம் முழுவதையும் ஒரே ஜேசன் ஆவணமாக (ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எழுதும் உரை வடிவில்) சேமித்துவிட்டால் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லையே?

பதில்: மரம் எப்போதும் முழுதாக வாசிக்கப்பட்டு, முழுதாக எழுதப்படும் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஒரு படிவத்தின் வடிவமைப்பு, ஒரு பயனரின் அமைப்புகள், ஒரு கட்டுரையின் உள்கட்டமைப்பு ஆகியவற்றை நானும் அப்படித்தான் வைப்பேன். அவற்றை அட்டவணைகளாகப் பிய்த்துப் போடுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

ஆனால் மரத்தின் ஒரு கணுவை வேறோர் அட்டவணை சுட்டத் தொடங்கும் நாளில் நிலைமை மாறுகிறது. ஆவணத்துக்குள் புதைந்திருக்கும் கணுவுக்கு அயல்சாவி வைக்க முடியாது. நீக்கப்பட்ட ஒன்றைச் சுட்டும் பதிவுகள் சத்தமின்றிச் சேர்ந்துகொண்டே போகும். இருவர் ஒரே நேரத்தில் மரத்தின் வெவ்வேறு மூலைகளைத் திருத்தினால், கடைசியில் சேமித்தவர் மற்றவரின் திருத்தத்தை அழித்துவிடுவார். பதிப்பெண் வைத்துச் சோதிக்காவிட்டால் அது நடந்ததே யாருக்கும் தெரியாது. அளவுக்கும் வரம்பு உண்டு. ஆவணங்களாகவே சேமிக்கும் தரவுத்தளமான மாங்கோடிபியில் ஓர் ஆவணம் 16 எம்.பி.யைத் தாண்ட முடியாது. அங்கேயும் பெரிய மரங்களை ஒவ்வொரு கணுவாகப் பிரித்து, தாயின் எண்ணோடு தனி ஆவணங்களாக வைப்பதுதான் வழக்கம். அதாவது, சுற்றிவந்து பேரன்ட் ஐடிக்கே சேர்கிறோம்.

கேள்வி: இயந்திர உதிரிபாகங்களின் பட்டியலை வடிவமைக்கிறேன். ஒரே திருகு நாற்பது உட்தொகுப்புகளில் வருகிறது. பேரன்ட் ஐடியில் எந்தத் தாயை எழுதுவது?

பதில்: எதையும் எழுத வேண்டாம், ஏனெனில் உங்களுடையது மரமே அல்ல. ஒன்றுக்கு மேற்பட்ட தாய்கள் இருக்கக்கூடுமென்றால், பாகங்களுக்கு ஓர் அட்டவணை, எந்தத் தொகுப்பில் எந்தப் பாகம் எத்தனை என்று சொல்லும் இணைப்புகளுக்கு ஓர் அட்டவணை என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். எண்ணிக்கை இணைப்பில்தான் இருக்க வேண்டும். திருகின் பதிவில் இருக்கக் கூடாது. மொத்தத் தேவையைக் கணக்கிடும்போது மேலிருந்து கீழே வரும் ஒவ்வொரு வழியிலும் எண்ணிக்கைகளைப் பெருக்கி, வழிகளின் விடைகளைக் கூட்டுங்கள். இயந்திரத்தில் நான்கு சக்கரத் தொகுப்புகள், ஒவ்வொன்றிலும் ஐந்து திருகுகள், அத்துடன் மூடியில் எட்டு என்றால் மொத்தம் 28.

உங்கள் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. அப்பல்லோ விண்வெளித் திட்டத்தின் சாட்டர்ன் 5 ராக்கெட்டின் உதிரிபாகப் பட்டியலைச் சமாளிப்பதற்காகத்தான் 1966இல் ஐ.பி.எம். மற்ற இரண்டு நிறுவனங்களுடன் சேர்ந்து ஐ.எம்.எஸ். என்ற படிநிலைத் தரவுத்தளத்தை உருவாக்கத் தொடங்கியது. அதே ஐ.பி.எம்.மில் பணியாற்றிய எட்கர் காட், 1970இல் உறவுமுறைத் தரவுத்தளத்தை முன்மொழிந்த கட்டுரையில், பாகங்களையும் திட்டப்பணிகளையும்தான் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டார். பாகத்தின் கீழ் திட்டத்தை வைத்துச் சேமித்தால் ஒரு நிரல் ஓடும், திட்டத்தின் கீழ் பாகத்தை வைத்தால் அதே நிரல் ஓடாது என்று அவர் காட்டினார். எது மேலே, எது கீழே என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. சேமிக்கும் முறை அதற்குள் கட்டுண்டுவிடக் கூடாது. உங்கள் இணைப்பு அட்டவணையில் 'இந்தத் தொகுப்பில் என்னென்ன பாகங்கள்' என்றும் கேட்கலாம், 'இந்தத் திருகு எங்கெங்கே' என்றும் கேட்கலாம். இரண்டு திசைக்கும் இன்டெக்ஸ் வைத்துவிடுங்கள். வரைபடத் தரவுத்தளம் (கணுக்களையும் இணைப்புகளையும் நேரடியாகச் சேமிப்பது) வேண்டுமா என்று அடிக்குறிப்பில் கேட்டிருந்தீர்கள், இதற்கு வேண்டாம்.

கேள்வி: ஒரே தாயின் கீழுள்ளவற்றைப் பயனர் விரும்பும் வரிசையில் வைக்க வேண்டும். எப்படி?

பதில்: வரிசை எண்ணுக்கு ஒரு புலம் சேர்த்து 1, 2, 3 என்று கொடுக்காமல் 1000, 2000, 3000 என்று இடைவெளி விட்டுக் கொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒன்றை வைக்க 1500 போதும். இடைவெளி தீர்ந்துபோகும் அரிய நாளில் அந்த ஒரு தாயின் சேய்களுக்கு மட்டும் மீண்டும் எண்ணிடலாம். இதோடு தொடர்புடைய ஒன்று: ஒரே தாயின் கீழ் ஒரே பெயர் இருமுறை வரக் கூடாது என்று தனித்துவ நிபந்தனை வைத்திருந்தால், வேர்நிலையில் பேரன்ட் ஐடி காலியாக இருப்பதால் பெரும்பாலான தரவுத்தளங்களில் அந்த நிபந்தனை அங்கே செல்லுபடியாகாது. போஸ்ட்கிரெஸ் 15 முதல் காலி மதிப்புகளையும் சமமாகக் கருதும்படி சொல்ல முடியும். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒற்றை வேரை உருவாக்கி, எல்லாவற்றையும் அதன் கீழ் வைத்துவிடலாம்.

கேள்வி: ஒரு கோப்புறைக்குக் கொடுத்த அனுமதி அதன் கீழுள்ள அனைத்துக்கும் பொருந்த வேண்டும். இதற்கு க்ளோஷர் டேபிள் கட்டாயமா?

பதில்: நீங்கள் கேட்கும் வினவல் எது என்பதைப் பொறுத்தது. 'இந்தப் பயனர் இந்தக் கோப்புறையைத் திறக்கலாமா' என்பது மட்டும் என்றால் கட்டாயமில்லை. எட்டு நிலைகள் மேலே ஏறி, எங்காவது அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பது மிகச் சிறிய வேலை. 'இந்தப் பயனர் பார்க்கக்கூடிய எல்லா ஆவணங்களையும், தேதிவாரியாக, பக்கத்துக்கு ஐம்பதாகக் காட்டு' என்று கேட்கும்போதுதான் ரிகர்சிவ் வினவல் ஒவ்வொரு முறையும் பெரும் கிளைகளை விரிக்க நேர்ந்து திணறுகிறது. அங்கே க்ளோஷர் அட்டவணை தன் விலைக்கு ஈடு கொடுக்கிறது.

அந்த அட்டவணையில் மூதாதை, வழித்தோன்றல், இடைப்பட்ட தூரம் என்று மூன்று புலங்கள். ஒவ்வொரு கணுவும் தன் எல்லா மூதாதையரோடும், தூரம் பூச்சியமாகத் தன்னோடும் ஒரு பதிவு பெறுகிறது. ஆகவே இருபதாயிரம் கோப்புறைகள், வேருக்குக் கீழே சராசரியாக ஐந்து நிலை ஆழம் என்றால் 1,20,000 பதிவுகள். அகலமான மரத்துக்கு இது தாங்கக்கூடியதே. ஆனால் ஒன்றன்கீழ் ஒன்றாக ஆயிரம் கணுக்கள் நீளும் சங்கிலி ஒன்றுக்கே 5,00,500 பதிவுகள் தேவைப்படும் என்பதால், பதிலுக்குப் பதில் என்று நீண்டுகொண்டே போகும் உரையாடல்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு கிளையை நகர்த்தும்போது, கிளைக்கு வெளியே இருந்த பழைய மூதாதையரோடு அதன் கணுக்களை இணைத்த பதிவுகளை நீக்கிவிட்டு, புதிய மூதாதையர் ஒவ்வொருவரோடும் கிளையின் ஒவ்வொரு கணுவையும் இணைத்துச் சேர்க்க வேண்டும். முந்நூறு கணுக்கள் கொண்ட கிளையை, புதிய தாயையும் சேர்த்து மேலே ஐந்து மூதாதையர் உள்ள இடத்துக்கு மாற்றினால் 1500 புதிய பதிவுகள். கிளைக்குள்ளேயே இருக்கும் இணைப்புகளைத் தொடக் கூடாது. அவசரத்தில் அவற்றையும் நீக்கிவிடுவது வழக்கமாக நேரும் பிழை. பேரன்ட் ஐடியின் திருத்தமும் இந்தத் திருத்தமும் ஒரே பரிவர்த்தனைக்குள் இருக்கட்டும்.

அனுமதி என்பது தவறினால் ஒருவர் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிடும் விஷயம். எனவே ஒவ்வோர் இரவும், பேரன்ட் ஐடியிலிருந்து ஒரு ரிகர்சிவ் வினவலால் முழு க்ளோஷரையும் தற்காலிக அட்டவணை ஒன்றில் புதிதாகக் கட்டி, இருக்கும் அட்டவணையோடு இரு திசையிலும் கழித்துப் பாருங்கள். இரண்டு விடைகளும் காலியாக இருக்க வேண்டும். ஒரு பதிவு மிஞ்சினாலும் அதை எழுதி வைத்துவிட்டு, புதிதாகக் கட்டியதையே நம்பி, பழையதை மாற்றிவிடுங்கள். அதன் பிறகு, கிளையை நகர்த்தும் நிரலில் எந்த வழி பரிவர்த்தனைக்கு வெளியே ஓடுகிறது என்று தேடத் தொடங்குங்கள்.